பார் சார்ட்டா, லாஸ்ட் பிளானரா: கட்டட வடிவமைப்புக்கு எது?

ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. பார் சார்ட் என்பது ஒவ்வொரு வேலையையும் தேதி வரிசையில் ஒரு கோடாகக் காட்டும் அட்டவணை. லாஸ்ட் பிளானர் என்பது வேலையைச் செய்பவர்களே வாராவாரம் கூடி, வேலைகளை ஒட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டித் திட்டமிடும் முறை.

செலவு
பார் சார்ட்: மென்பொருளும் அதை ஓட்டத் தெரிந்த ஒருவரும்.
லாஸ்ட் பிளானர்: சுவரும் ஒட்டுத்தாளும்தான். ஆனால் வாராவாரம் எல்லோரும் உட்கார வேண்டும்; உண்மையான செலவு அந்த நேரம்.

தேதி சொல்வது யார்
பார் சார்ட்டில் மேலாளர். லாஸ்ட் பிளானரில் வேலையைச் செய்பவரே. 1990களில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் உருவாக்கிய இம்முறையின் அடிப்படையே அதுதான்.

சிக்கல் தெரிவது
சார்ட்டில் ‘ஸ்ட்ரக்சுரல் டிராயிங் (தூண், உத்திர வரைபடம்), 3 வாரம்’ என்று ஒரே கோடு; யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பது அந்தக் கோட்டில் தெரியாது. மொட்டைமாடித் தொட்டியின் எடை தெரியாமல் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் தூணை முடிவு செய்ய முடியாது. தொட்டி அளவு பிளம்பிங் ஆலோசகரிடம். அவரோ, மொத்தம் எத்தனை வீடு என்று ஆர்க்கிடெக்ட் சொல்லக் காத்திருக்கிறார்! லாஸ்ட் பிளானரில் கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி ஒட்டுத்தாள் ஒட்டினால் இது முதல் கூட்டத்திலேயே வெளிவந்துவிடும்.

கணக்கு
லாஸ்ட் பிளானரில் வாரத்துக்கு ஒப்புக்கொண்ட 10 வேலையில் 7 முடிந்தால் 70 சதவீதம்; முடியாத மூன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். சார்ட்டில் ‘90 சதவீதம் முடிந்தது’ என்பது மாதக்கணக்கில் அப்படியே நிற்கலாம்.

தனி வீட்டுக்கு இரண்டுமே அதிகம், தேதிப் பட்டியல் போதும். வங்கிக்கோ உரிமையாளருக்கோ காட்ட சார்ட். பல ஆலோசகர்கள் சேரும் அடுக்குமாடி, மருத்துவமனை என்றால் லாஸ்ட் பிளானர். முக்கியத் தேதிகளுக்கு மட்டும் ஒரு சின்ன சார்ட் கூடவே இருக்கட்டும்.