கூடா, கவச உடையா, ரோடா? ஒட்டும் நோயாளியை மலையிலிருந்து இறக்கும் வழிகள்

மூணாறு, தேவிகுளம், மறையூர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே மலை இறங்கியாக வேண்டும். கிழக்கே போடிமெட்டு வழியாகத் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி. மேற்கே அடிமாலி, நேரியமங்கலம் தாண்டிக் கொச்சி அல்லது கோட்டயம். மேற்குப் பக்கம் நாலு மணி நேரம் என்பது மண் சரியாத நாளின் கணக்கு. அதனால் ஒவ்வொரு மழைக்கும் ஹெலிகாப்டர் பேச்சு எழும். சரி, ஹெலிகாப்டர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். படுத்திருப்பவருக்கு ஒட்டும் நோய் என்றால் எப்படி ஏற்றுவது?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மலையில் வரும் காய்ச்சல்களில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் முக்கியமானவை. இவை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சுக்காற்றில் ஒட்டாது. வயநாட்டுக் குரங்குக் காய்ச்சலும் உண்ணி கடித்துத்தான் வருகிறது. இவர்களுக்கு வழக்கமான கையுறையும் ஊசி, இரத்தத்தில் கவனமும் போதும். காசநோய், தட்டம்மை, கோவிட், நிபா என்று வரும்போதுதான் கீழே சொல்லும் கணக்கெல்லாம்.

முதல் வழி, நோயாளியைத் திறந்த ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, கூடப் போகிறவர்கள் கவச உடை போட்டுக்கொள்வது. செலவு குறைவு, கை முழுசாக நோயாளிக்குக் கிடைக்கும். சிக்கல் காற்றில் இருக்கிறது. பல ஹெலிகாப்டர்களில் பைலட்டுக்கும் நோயாளிக்கும் நடுவே சுவர் கிடையாது. காற்று முன்னிருந்து பின்னுக்குப் போனால் நல்லது. ஆனால் எந்தப் பக்கம் ஓடும் என்பது மாடலையும் திறந்திருக்கும் துவாரத்தையும் பொறுத்தது. அந்த ஓட்டம் கையில் இல்லாத விமானத்தில் பைலட் உட்பட எல்லோரும் என்95 போட வேண்டும் என்றுதான் சார்ஸ் காலத்தில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொன்னது. நோயாளிக்குச் சாதாரண சர்ஜிகல் மாஸ்க் போதும். வால்வு வைத்த மாஸ்க்கை மட்டும் அவருக்கு மாட்டிவிடக் கூடாது, அவர் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே வரும்.

கவச உடைக்கு ஹெலிகாப்டரில் தனித் தொல்லை உண்டு. ஹெலிகாப்டர் விசிறிக் காற்று மெல்லிய பிளாஸ்டிக் கவுனைக் கிழித்துவிடும். கழன்ற தொப்பியோ உறையோ மேலே உறிஞ்சப்பட்டால் இன்ஜினுக்கே ஆபத்து. ஆகவே கவுனை டேப் போட்டு ஒட்டித்தான் ஏற வேண்டும், விசிறி முழுசாக நின்ற பிறகுதான் உடையைக் கழற்ற வேண்டும். கண்ணாடி மூடுபனி போல ஆவி கட்டும், மாஸ்க்குக்குள்ளிருந்து மைக்கில் பேசுவது பாதி புரியாது.

இரண்டாவது வழி, ஐசொலேஷன் பாட். நோயாளியை உள்ளே படுக்கவைத்து மூடும் பெட்டி; கூடு என்றே சொல்லிவிடலாம். 2020-இல் கொச்சியிலுள்ள கடற்படையின் விமானப் பட்டறை இப்படி ஒரு கூட்டைச் செய்தது: அலுமினியம், நைட்ரைல் ரப்பர், பெர்ஸ்பெக்ஸ், எடை 32 கிலோ, செலவு சுமார் 50,000 ரூபாய். அதே ஆண்டு விமானப்படையும் அர்பித் என்ற பெயரில் ஒன்றை உருவாக்கியது. வெளிநாட்டில் நார்வேக்காரர்களின் ‘எபிஷட்டில்’ (EpiShuttle) என்ற கூடு பேர் போனது. கூட்டில் உள்ள சின்ன விசிறி உள்காற்றை உறிஞ்சி, கிருமியைப் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாக வெளியே விடும். உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறைவாக இருப்பதால், எங்காவது கிழிந்தாலும் காற்று உள்ளேதான் போகும்.

பைலட்டுக்கு நிம்மதி. நோயாளிக்கு? சுவரில் பதித்த கையுறைக்குள் கையை விட்டு நரம்பு கண்டுபிடித்து ஊசி குத்திப் பார்த்தால் தெரியும், அது என்ன பாடு என்று. மூச்சுக்குழாயில் குழாய் போடுவது அதற்குள் நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளலாம். குழாய், இரண்டு இடத்தில் மருந்து ஏற்றும் ஐவி ஊசி, மயக்க மருந்து எல்லாம் கூட்டை மூடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நினைவோடு இருப்பவர் உள்ளே பயந்து அடித்துக்கொண்டால் சமாளிப்பது பெரும்பாடு. வாந்தி எடுத்தால் அதைவிட.

நம் மலைக்கு இன்னொரு விஷயம். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். பறக்கும்போது காற்று விரியும் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நாம் போவதோ கீழே, கடல் மட்டத்துக்கு. மூச்சுக்குழாயில் போட்ட குழாயை ஓரம் கசியாமல் பிடித்திருக்கும் பலூனில் மூணாறில் நிரப்பிய காற்று கொச்சி சேரும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். பலூன் தளர்ந்தால் ஓரத்தில் மூச்சுக் கசியும். வென்டிலேட்டர் கொடுப்பது நுரையீரலுக்கு முழுசாகப் போகாது, கிருமியும் வெளியே வரும். கூட்டுக்குள், அந்தப் பலூனில் காற்று நிரப்ப வெளியே நீட்டியிருக்கும் சின்ன ‘பைலட் பலூன்’ கையுறைக்கு எட்டும் இடத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வடிகட்டி என்ன ரகம் என்பது அப்புறம்.

மூன்றாவது வழி, ரோடு. இதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் நோயாளி எத்தனை முறை கை மாறுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஹெலிகாப்டர் என்றால் வார்டிலிருந்து ஆம்புலன்ஸ், மைதானம், ஹெலிகாப்டர், மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி வார்டு. ரோட்டில் ஏற்றுவது ஒருமுறை, இறக்குவது ஒருமுறை. தூக்கும்போதுதான் மாஸ்க் நழுவும், குழாய் கழலும், உதவிக்கு வந்தவர் வெறுங்கையால் பிடிப்பார். 2018-இல் கோழிக்கோட்டு நிபா பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்தான் பரவியது. பேராம்பிரா நர்ஸ் லினி நோயாளியைப் பார்த்துக்கொண்டதில்தான் நோய் வாங்கி இறந்தார். டிரைவர் கேபின் தனியாக அடைத்த, பின்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் ஆம்புலன்ஸில் நாலு மணி நேரம் என்பது கேட்க நீளம்; ஆனால் வழியில் நிறுத்தலாம், குழாயைச் சரிசெய்யலாம், ஆளை மாற்றலாம். கழுவுவதும் சுலபம். ஹெலிகாப்டரில் பிளீச்சிங் கரைசலை ஊற்றித் தேய்க்க முடியாது, அலுமினியம் அரித்துவிடும். உற்பத்தியாளர் ஒப்புக்கொண்ட மருந்துதான் போட வேண்டும், அதுவரை வண்டி அடுத்த ஆளுக்கு இல்லை.

ஆக என் தேர்வு இது. தானாக மூச்சு விடும் காசநோயாளிக்கு மாஸ்க் போட்டு ரோடு. பறந்தே ஆக வேண்டுமென்றால் திறந்த ஸ்ட்ரெச்சர், கூடு வேண்டாம். நிபா சந்தேகம், இன்னும் நிலையாக இருக்கிறார் என்றால் ரோடு, அதுவும் சீக்கிரமே. குழாய் போட்டு மயக்கத்தில் இருக்கிறார், ரோடும் அடைபட்டுவிட்டது என்றால் கூடு; அந்த ஒரு நிலைமைக்குத்தான் கூடு தன் விலைக்கு வேலை செய்கிறது. வலிப்பு நிற்கவில்லை, இரத்த அழுத்தம் நிலைக்கு வரவில்லை என்றால் அவரை எதிலும் அடைக்கக் கூடாது. டாக்டரையும் வென்டிலேட்டரையும் ஹெலிகாப்டரில் மேலே அனுப்புவது மேல்.

அதற்கும் மேகம் விலக வேண்டும். எழுபது பேரைப் பறிகொடுத்த 2020 ஆகஸ்ட் பெட்டிமுடி நிலச்சரிவிலும் வானிலைதான் ஹெலிகாப்டருக்குத் தடையாக நின்றது. மே மாதக் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன்பே, ஆம்புலன்ஸின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று யாராவது சுவிட்சைப் போட்டுப் பார்த்தால் நல்லது.