பெண்டிங் பொத்தானும் பச்சை அறிக்கையும்: ஒரு சர்வீஸ் டெஸ்க் மென்பொருளோடு சில ஆண்டுகள்

வேறொரு நிறுவனத்தில் ஐடி செயல்பாடுகளைக் கவனித்துக்கொள்ளும் நண்பர், நாங்கள் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் சர்வீஸ் டெஸ்க் மென்பொருளை, அதாவது ஊழியர்களின் கணினிப் புகார்களைப் பெற்றுத் தீர்க்க உதவும் மென்பொருளை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். டிக்கெட் (ஒவ்வொரு புகாருக்குமான எண்ணிட்ட பதிவு), சொத்துப் பதிவேடு, மாற்றங்களுக்கான ஒப்புதல், சர்வர் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒரே திரையில் தரும் வகையைச் சேர்ந்தது அது. இந்த வகையில் எதை எடுத்தாலும் வசதிப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்லவிருக்கும் குறை வேறு பல மென்பொருள்களிலும் உண்டு என்று சக நிர்வாகிகள் சொல்வதால் பெயரையும் குறிப்பிடவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்குப் பொறுமை இருக்குமா என்பது சந்தேகம். இதன் சிஎம்டிபி வரைபடம், அதாவது எந்தச் சேவை எந்தச் சர்வரை, எந்த ஸ்விட்சை, எந்த ஸ்டோரேஜை நம்பி ஓடுகிறது என்று காட்டும் பகுதி, நான் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக உழைக்கிறது. ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஒன்றின் ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை) புதுப்பிக்க மாற்றக் கோரிக்கை வந்தபோது, பாதிக்கப்படும் சர்வர்களின் பட்டியலைப் பொறியாளர் நினைவிலிருந்தே எழுதியிருந்தார். அதில் இல்லாத ஒரு சர்வரை வரைபடம் காட்டியது: சம்பளக் கணக்கின் தரவுதளம் அதே ஸ்டோரேஜில்தான் இருந்தது. மாதக் கடைசி என்பதால் ஒப்புதல் குழு அந்த வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தது. ஒரு மென்பொருள் தன் விலைக்கு நியாயம் செய்வது இப்படிப்பட்ட மாலைகளில்தான். கருவிகளின் விவரங்களை நெட்வொர்க் வழியே கேட்டறிய உதவும் எஸ்என்எம்பி, டபிள்யூஎம்ஐ ஆகியவற்றின் கடவுச்சொற்கள் மாறினால் கருவிகள் ஓசையில்லாமல் வரைபடத்திலிருந்து உதிர்ந்துவிடும் என்பதையும், கழற்றி எடுத்துப்போன சர்வர்கள் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதாகக் காட்டும் என்பதையும் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இணையதளங்களின் பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான டிஎல்எஸ் சான்றிதழ்கள் காலாவதியாவதற்கு முன் தானாகவே டிக்கெட் எழுப்பும் வசதியும் நம்பகமானது. 2020 செப்டம்பர் முதல் 398 நாளாக இருந்த சான்றிதழ் ஆயுளின் உச்சவரம்பை 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், படிப்படியாக 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைக்க, சான்றிதழ் வழங்குவோரும் பிரௌசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரௌசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டதால், இந்த நினைவூட்டல் இனி எல்லோருக்கும் தேவைப்படும்.

இனி குறைக்கு வருகிறேன். ஒரு டிக்கெட்டைப் பெண்டிங், அதாவது காத்திருப்பு, நிலைக்கு மாற்றிய நொடியிலேயே எஸ்எல்ஏ கடிகாரம், அதாவது தீர்வுக்கு ஒப்புக்கொண்ட அவகாசத்தை எண்ணும் கடிகாரம், நின்றுவிடுகிறது. கேட்ட விவரத்தைத் தராமல் பயனர் விடுப்பில் போய்விட்டால் அந்த நேரத்தைப் பொறியாளர் கணக்கில் ஏற்றக் கூடாது என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காரணம் எதுவும் எழுதாமல், யாருடைய ஒப்புதலும் இல்லாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் அந்தப் பொத்தானை அழுத்தலாம் என்று விட்டுவைத்திருப்பதை என்னால் இன்றுவரை சகித்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பகிர்வுக் கோப்புறை திறக்கவில்லை என்று ஒரு பயனர் காலையில் எழுதுகிறார். தீர்வுக்கான அவகாசம் 4 மணி நேரம். அது முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் வேண்டும் என்ற ஒற்றை வரியோடு டிக்கெட் பெண்டிங்குக்குப் போகிறது. பயனர் உடனே படத்தை அனுப்பிவிடுகிறார், ஆனால் மின்னஞ்சலின் தலைப்பைத் திருத்தி அனுப்புகிறார். தலைப்பில் உள்ள டிக்கெட் எண்ணை வைத்தே மென்பொருள் பதிலை அடையாளம் காண்கிறது என்பதால், அவருடைய பதில் புதிய டிக்கெட்டாகப் பிறந்து வரிசையின் கடைசியில் நிற்கிறது. பழைய டிக்கெட்டோ பதில் வராததாகக் கருதப்பட்டு, மூன்று நாள் கழித்துத் தானாக மூடப்பட்டு, எங்கள் சேவை எப்படி இருந்தது என்று அதே பயனரிடம் நட்சத்திரம் கேட்கிறது. மாத அறிக்கையில் அது குறித்த நேரத்தில் தீர்க்கப்பட்ட டிக்கெட். கோப்புறை அப்போதும் திறக்கவில்லை.

இப்படி வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமாக இருக்கும் அறிக்கைகளுக்கு எங்கள் துறையில் தர்பூசணி என்றே பெயர். மாதத்துக்கு 99.9 சதவீதம் சேவை கிடைக்க வேண்டும் என்றால் 30 நாளில் 43 நிமிடம்தான் முடங்கலாம் என்று ஒப்பந்தத்தில் நிமிடக் கணக்கில் பேரம் பேசும் நாம், பெண்டிங்கில் கரைந்த நாட்களை அறிக்கையின் எந்தப் பத்தியிலும் காண முடிவதில்லை. ஐடி சேவை நிர்வாகத்துக்கான வழிகாட்டலாக 2019-ல் வெளிவந்த ஐடிஐஎல் 4-ஐப் பின்பற்றுவதாக இதன் விளம்பரக் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்கிறது. அந்த வழிகாட்டலின் ஏழு கொள்கைகளில் முதலாவது, பயனருக்குக் கிடைக்கும் மதிப்பில் கவனம் வை என்பது. பெண்டிங் பொத்தானைப் பற்றி விற்பனையாளரிடம் நாங்கள் போட்ட புகாரும் வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்ற நிலையில் சில நாள் கிடந்து தானாக மூடப்பட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மென்பொருளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. எஸ்எல்ஏ சதவீதத்தை வைத்தே பொறியாளரை மதிப்பிடும் மேலாளர்கள் இருக்கும்வரை, கடிகாரத்தை நிறுத்தும் பொத்தான் எங்கே இருந்தாலும் விரல் அங்கே போகத்தான் செய்யும். ஆனால் காரணம் கேட்கும் ஒரு கட்டாயப் பெட்டியையும், நின்றிருந்த நேரத்தைக் காட்டும் ஒரு பத்தியையும் சேர்க்க எத்தனை பதிப்புகள் வேண்டும்? அண்மைய பதிப்பில் திரையின் நிறங்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். டிக்கெட் திறந்த நேரத்துக்கும் மூடிய நேரத்துக்கும் உள்ள முழு இடைவெளியைத் தரவுதளத்திலிருந்து நாங்களே எடுத்து, தனி அறிக்கையாக நிர்வாகத்துக்குக் கொடுக்கிறோம்.

ஆகவே நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. நாங்கள் உரிமத்தைப் புதுப்பித்துவிட்டோம் என்பது வேறு விஷயம். அந்த வரைபடத்தை இன்னொரு மென்பொருளில் முதலிலிருந்து கட்டி எழுப்பும் தெம்பு எங்கள் குழுவில் யாருக்கும் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறார் என்றால், செயல்விளக்கம் காட்ட வருபவரிடம் வரைபடத்தைக் கேட்க வேண்டாம், அதை அவர்களே பெருமையோடு காட்டுவார்கள். ஒரு டிக்கெட்டைப் பெண்டிங்கில் போடச் சொல்லி, தலைப்பை மாற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அது எங்கே போய்ச் சேருகிறது என்று அவர் எதிரிலேயே பார்க்கட்டும்.