வேலூரா, நெல்லூரா? பழைய கையெழுத்தைப் படிக்கும் டிரான்ஸ்கிரிபஸ்: ஒரு மதிப்புரை

1800-ல் சென்னையிலிருந்து மைசூர் நோக்கிக் கிளம்பியவர்களின் நாட்குறிப்புகளில் ஆற்காடு, வேலூர், பள்ளிகொண்டா, சாத்கர் என்று நம் பாலாற்றங்கரை ஊர்கள் வரிசையாக வரும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் இந்த வழியாகத்தான் போனார். அவருடைய பயணம் 1807-ல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சாயிற்று. புக்கானன் போன அதே 1800-ல் சென்னை ஆளுநரின் மனைவி ஹென்றியெட்டா கிளைவ் தன் இரண்டு மகள்களோடு வேலூர் வழியாகப் பயணம் செய்தார். இளைய மகள் சார்லட் எழுதிய நாட்குறிப்பு, பின்னாளில் எடுத்த நகலாக பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. இவை வெளியே தெரிந்தவை. கலெக்டர்களின் சுற்றுப்பயணக் குறிப்புகள், பாதிரிமார்களின் பயண ஏடுகள், பழஞ்சுவடிகளைத் திரட்டிய நில அளவையாளர் காலின் மெக்கன்சிக்காக ஊர் ஊராகப் போனவர்கள் எழுதி அனுப்பியவை எல்லாம் இன்னும் கையெழுத்தாகவே ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. அவற்றின் படங்கள் கைக்கு வந்த பிறகும், படிக்க முடியாமல் மூடி வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அந்த இடத்தில் உதவும் சேவை டிரான்ஸ்கிரிபஸ். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2019 முதல் ரீட்-கூப் என்ற கூட்டுறவு அமைப்பால் நடத்தப்படுகிறது. பிரவுசரிலேயே வேலை செய்யும். பக்கத்தின் படத்தை ஏற்றினால், முதலில் வரிகள் எங்கே ஓடுகின்றன என்று கோடு போடும். பிறகு ஒரு மாடலை, அதாவது எழுத்தாக்கிய பக்கங்களைக் காட்டிக் கையெழுத்து படிக்கப் பழக்கிய நிரலை, கொண்டு ஒவ்வொரு வரியையும் எழுத்தாக மாற்றும். படமும் எழுத்தும் அருகருகே நிற்பதால், வரியைத் தொட்டால் படத்தில் அதே வரி ஒளிரும். திருத்தும் வேலைக்கு இந்த ஒரு வசதியே பாதிப் பாரத்தைக் குறைக்கிறது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 18, 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துக்குத் தாராளமாக வாங்கலாம். ஒரே கையில் எழுதிய தமிழ் ஏடு 100 பக்கத்துக்கு மேல் இருந்தால், உழைப்பு போட்டுப் பழக்கலாம். பத்து இருபது பக்கத் துண்டு ஏட்டுக்கு இது வேண்டாம்; பூதக்கண்ணாடியும் பொறுமையும் போதும்.

முடிவு நன்றாக வருமா என்பது படத்திலேயே பாதி தீர்ந்துவிடும். ஸ்கேன் என்றால் 300 டிபிஐ, பொடி எழுத்தென்றால் 400. கேமரா அல்லது போன் என்றால் பக்கத்துக்கு நேர் மேலே, சாயாமல். ஃபிளாஷ் கூடாது, இரு பக்கமிருந்தும் 45 பாகை சாய்வில் வெளிச்சம். பழைய ஆங்கில ஏடுகளில் பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த மை. அது நாளாக ஆகப் பழுப்பேறித் தாளைத் தின்று மறுபக்கம் தெரியும். அப்படித் தெரியும் பின்பக்க எழுத்தையும் இயந்திரம் வரியென்று எடுத்துக்கொள்ளும். எடுக்கும் தாளுக்குக் கீழே ஒரு கறுப்புத் தாளைச் செருகினால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். தைத்த ஏட்டின் நடுமடிப்பில் வரி வளைந்து உள்ளே இறங்கும். அங்கே கடைசிச் சொல் காணாமல் போகும். ஏட்டை அமுக்கித் தட்டையாக்கக் கூடாது, முதுகு பிளந்துவிடும். இருபுறமும் பஞ்சுத் திண்டு கொடுத்து, வலப்பக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு இடப்பக்கங்களுக்குப் போவதே நல்லது. நண்பர் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வாங்குவதானால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி வரும். மெல்லிய இழுப்புகள் அழிந்துபோகும்.

சாதாரண மாடல்களில் ஒரு படத்துக்கு ஒரு கிரெடிட் (இந்தச் சேவையின் கட்டண அலகு) கழியும் என்பதால், இரண்டு பக்கத்தை ஒரே படமாக ஏற்றிக் காசு மிச்சம் பிடிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாகிவிடும். பிறகு அவற்றைப் பிரித்துப் பிரித்து வெட்டுவதற்குள், பக்கத்தைக் கையாலேயே எழுதி முடித்திருக்கலாம். ஓரக் குறிப்புகளும் அப்படியே. பயண ஏடுகளில் தேதி, தூரம், தங்கிய சத்திரம் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். அவற்றுக்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டு, அதற்குப் பிறகே எழுத்தாக்க வேண்டும். வரிக்கோடு தவறாக இருந்தால் எவ்வளவு நல்ல மாடலும் தவறாகத்தான் படிக்கும். ஆகவே, ஏற்றியதும் முதல் பத்துப் பக்கத்தின் கோடுகளை மட்டும் பார்த்துச் சரிசெய்யுங்கள். அந்த ஏட்டில் எந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இனி, நம் மாவட்டத்துக்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம்: ஊர்ப்பெயர். சாதாரண ஆங்கிலச் சொற்களை இது அழகாகப் படிக்கிறது. மழை பெய்தது, குதிரை களைத்தது, கூடாரம் வர நேரமாயிற்று என்பதெல்லாம் பிசகில்லாமல் வரும். ஆனால் மாடல் பழகியது பெரும்பாலும் ஐரோப்பியக் காகிதங்களில். வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் அதற்குப் புதிது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிப் போடும் குணம் புதிய பெரிய மாடல்களில் கூடுதல். பிழை பிழையாகத் தெரியாமல் சரளமான ஆங்கிலமாக நிற்பதால், வேகமாகப் படிப்பவர் கண்ணில் படாது. அதைவிட மோசமானது வேலூர், நெல்லூர் குழப்பம். ஆங்கிலக் கூட்டெழுத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டுமே வேறு. இழுத்து எழுதினால் அதுவும் ஒன்றுபோலாகும். இரண்டும் கர்நாடக நவாபின் (ஆற்காட்டு நவாபின்) சீமையிலேயே உள்ள ஊர்கள், இரண்டிலும் கோட்டை உண்டு. எனவே வாக்கியத்தின் பொருளை வைத்துப் பிழையைப் பிடிக்க முடியாது. அடுத்த நாள் தங்கிய ஊர் எது என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பள்ளிகொண்டா என்றால் வேலூர். வடக்கே கிருஷ்ணா நதிக்குப் போனால் நெல்லூர்.

பெயர் திருத்த நாங்கள் சொல்லும் முறை இது. 1881-ல் ஏ.எஃப். காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை இணையத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில் ஊர்ப்பெயர்கள் அதில் கிடைக்கும். ஒரு முழு ஏட்டையும் எழுத்தாக்கிய பிறகு, பெயர்களை மட்டும் எடுத்து ஒரு பட்டியல் போட்டு அதனோடு ஒப்பிட வேண்டும். உறுதியில்லாத பெயருக்கு 'தெளிவில்லை' என்ற குறியை டிரான்ஸ்கிரிபஸிலேயே இடலாம், ஊகித்து நிரப்பிவிடாதீர்கள். இன்னொன்று: 1911 வரை வட ஆற்காட்டின் தலைமையிடம் சித்தூர். திருப்பதி, சந்திரகிரி, பலமனேர் எல்லாம் இதே மாவட்டம். காப்பகப் பட்டியலில் வேலூர் என்று மட்டும் தேடினால் அந்தக் காலத்துக் கலெக்டர் எழுதியவை கண்ணில் படாமலே போகும். சித்தூர் என்றும் தேடுங்கள்.

எண்களிலும் இதே கவலை. 1-ம் 7-ம், 3-ம் 8-ம் மாறும். தூரத்தைக் கொண்டு சரிபார்ப்பது எளிது. வேலூரிலிருந்து ஆற்காடு இன்றைய சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், அதாவது 15, 16 மைல். இயந்திரம் 76 மைல் என்று காட்டினால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1800-க்கு முந்தைய கையில் நீண்ட 'எஸ்' வரும், அது 'எஃப்' ஆகப் படிக்கப்படும். அந்தக் காலத்துக்கென்று பழக்கிய மாடலைத் தேர்ந்தெடுத்தால் இது பெரும்பாலும் தீரும். சார்லட் கிளைவின் ஏடு போல நகலெடுத்த பிரதிகள் இயந்திரத்துக்கு எளிது. ஆனால் நகலெடுத்தவர் நம் ஊரைப் பார்த்திராதவராக இருந்தால், பெயர்ப் பிழை அவர் கையிலேயே விழுந்திருக்கும். அதை எந்த மாடலாலும் காட்ட முடியாது.

தமிழ் ஏடுகளுக்கு வருவோம். பொதுவில் கிடைக்கும் மாடல்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய மொழிகளுக்கானவை. தமிழுக்கு நம்பி இறங்க வேண்டிய வழி, நாமே பழக்குவது. கையெழுத்துக்கு 5,000 முதல் 15,000 சொல், ஏறக்குறைய 25 முதல் 75 பக்கம், பிழையில்லாமல் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது டிரான்ஸ்கிரிபஸ்காரர்கள் சொல்லும் அளவு. பழைய தமிழில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது என்பதால் சொல் கணக்கை விட்டுவிட்டுப் பக்கக் கணக்கைப் பின்பற்றுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கைப் பழக்கத்துக்குக் கொடுக்காமல் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். எழுத்துப் பிழை விகிதம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் திருத்திப் பயன்படுத்தலாம்; 5-க்குக் கீழே என்றால் மிக நன்று.

பழக்குவதற்கு முன் விதிகளை எழுதி வைத்துக்கொள்வது மிக முக்கியம். பழைய கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒரே வடிவம். வேலூர் என்பது 'வெலூர' என்றே நிற்கும். கண்ணில் கண்டபடி எழுதுவதா, இன்றைய முறைக்கு மாற்றுவதா என்று முதலிலேயே ஒரு முடிவு எடுங்கள். இருவர் பகிர்ந்து எழுதி, ஒருவர் புள்ளி வைத்து மற்றவர் வைக்காவிட்டால், இயந்திரமும் இஷ்டத்துக்கு வைக்கும். கண்டபடியே எழுதுவதுதான் எங்கள் பரிந்துரை. புள்ளி வைப்பதைப் பிறகு ஒரு தனிப் படியில் செய்யலாம். ௳, ௴, ௵ என்ற நாள், மாத, வருடக் குறிகளையும், மேற்படிக்கான ௸ குறியையும் அப்படியே அடியுங்கள். யூனிகோடில் எல்லாம் உண்டு. ௲௮௱ என்று இருந்தால் 1800 என்று மாற்றாதீர்கள். மாகாணி, அரைக்கால் போன்ற பின்னக் குறிகள் 2019-ல்தான் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்கு எழுத்துரு தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களுக்கு இன்றைய எழுத்தையே அடித்தால் போதும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 'கொ' என்பதிலுள்ள குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், இயந்திரத்துக்கு இரண்டும் வேறு. சில விசைப்பலகைகள் ஒருவிதம், சில வேறுவிதம். பழக்கும் முன் எல்லா எழுத்தையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் முறைக்கு, மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பிழை விகிதம் ஏன் இறங்கவில்லை என்று வாரக்கணக்கில் தேட வேண்டிவரும்.

ஜெர்மன் கூட்டெழுத்தில் இதன் திறமை தனி. தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் கையெழுத்து இன்றைய ஜெர்மானியருக்கே பிடிபடாது. அதை எழுத்தாக்கிவிட்டால் மொழிபெயர்ப்புக்கு வேறு வழி தேடிக்கொள்ளலாம்.

செலவு யூரோவில். இலவசக் கணக்கில் மாதந்தோறும் சில கிரெடிட் கிடைக்கும். அந்த எண்ணிக்கையை அவர்கள் மாற்றியிருக்கிறார்கள் என்பதால், பதியும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்தை இலவசத்திலேயே ஓட்டி, உங்கள் ஏட்டின் ஐந்து பக்கத்தை இரண்டு மூன்று மாடலில் சோதித்துவிட்டுப் பணம் கட்டுவதே சரி. கட்டும்போது கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி செயலியில் திறந்துவிட வேண்டும்.

ஏற்றும் படம் வெளிநாட்டு சர்வருக்குப் போகிறது என்பதை மறக்காதீர்கள். எழும்பூர் ஆவணக் காப்பகமோ, மெக்கன்சி தொகுப்பின் ஒரு பகுதியை வைத்திருக்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமோ, எங்கிருந்து படம் பெற்றாலும், நகலெடுக்கும் அனுமதியோடு, இப்படி ஏற்றலாமா, பிறகு வெளியிடலாமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் வேர்டு கோப்பு மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிடாதீர்கள். பேஜ் எக்ஸ்எம்எல் வடிவத்தையும் படங்களோடு சேர்த்து இறக்கி வையுங்கள். எந்தச் சொல் எந்தப் படத்தின் எந்த வரியில் இருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். 'அது வேலூர் இல்லை, நெல்லூர்' என்று நாளை ஒருவர் சொன்னால் திரும்பிப் போய்ப் பார்க்க அது வேண்டும்.