இசைக்குழுவுக்கு எது நல்ல தொடக்கம்: வாராந்திர மேடையா, இணையத்தில் ஏற்றுவதா?

புதிதாக பேண்ட் ஆரம்பிக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். முதலில் நாலு பாட்டை ரெக்கார்ட் பண்ணி நெட்டில் போடலாமா, இல்லை எங்கேயாவது ஒரு சின்ன மேடை பிடித்து வாசிக்க ஆரம்பிக்கலாமா? கூடவே, போட்டிக்குப் போனால் என்ன, பெரிய ஆள் ஒருவரிடம் பக்கவாத்தியமாகச் சேர்ந்துவிட்டால் என்ன என்ற இரண்டும் வரும். நாங்களும் இந்த நாலு வழியையும் பேசிப் பேசித்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். நாங்கள் எடுத்தது மேடை. அதிலும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், அதே இடம், அதே நேரம் என்று நிலையாகக் கிடைத்த ஒரு சின்ன மேடை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறவன், நாங்கள் நாலு பேர், வாசிப்பது ராக் வகை. இதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். நெட்டில் ஏற்றினால் செலவு குறைவு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வீட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம். மேடை என்றால் டிரம் செட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், கேட்பவர்கள் சில சமயம் மேடையில் இருப்பவர்களை விடக் குறைவாக இருப்பார்கள், பணம் பெயருக்குத்தான். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் நெட்தான் ஜெயிக்கும். ஆனால் எது தொடக்கம் என்பதை முடிவு செய்வது இது எதுவும் இல்லை என்பது என் கருத்து.

முடிவு செய்வது ஒரே ஒரு விஷயம்: அடுத்த வாரமும் உண்டா?

ஆரம்பத்தில் எந்தக் குழுவும் சுமாராகத்தான் வாசிக்கும். அது திறமைக் குறைவு இல்லை, நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் மூச்சு விடப் பழகவில்லை, அவ்வளவுதான். அந்தச் சுமாரான காலத்தை எங்கே கழிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. போட்டியில் கழிக்க முடியாது, ஒரு தடவை சொதப்பினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நெட்டில் கழிக்கலாம், ஆனால் முதல் பாட்டு சரியில்லை என்றால் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும், ஏன் சரியில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள், கேட்காமல் போய்விடுவார்கள். நிலையான ஒரு மேடையில் மட்டும்தான் இந்த வாரம் வாசித்ததை அடுத்த வாரம் திருத்தி, அதே ஆட்கள் முன்னால், அதே அறையில் மறுபடி வாசித்துப் பார்க்கலாம்.

பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கதையை எல்லோரும் சொல்லுவார்கள், ஆனால் அதில் எந்தப் பகுதி முக்கியம் என்பதில்தான் வித்தியாசம். 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போனபோது அவர்கள் பெரிய குழு இல்லை. அங்கே கிடைத்தது ஒரு கிளப்பில் தினமும் வாசிக்கிற வேலை, அதுவும் மணிக்கணக்கில், இரவு இரவாக. அத்தனை நேரம் வாசிக்கக் கையில் பாட்டே போதாது, அதனால் இருப்பதை நீட்டுவது, புதிதாகக் கற்பது, அலுப்பு தட்டாமல் ஒரே பாட்டை வேறு மாதிரி வாசிப்பது எல்லாம் கட்டாயம் ஆகிவிட்டது. திரும்பி வந்து சொந்த ஊரான லிவர்பூலில் காவர்ன் கிளப்பில் 250 தடவைக்கு மேல் வாசித்தார்கள். நடுவில், 1962 ஜனவரி 1 அன்று டெக்கா என்ற ரெக்கார்ட் நிறுவனத்தில் ஆடிஷன் கொடுத்து நிராகரிக்கப்பட்டார்கள். ஒரே ஒரு வாய்ப்பை நம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர்களுக்கு மறு வாரம் போய் வாசிக்க ஓர் இடம் இருந்தது. அடுத்த வருடம், 1963 பிப்ரவரி 11 அன்று, முதல் ஆல்பத்துக்காகப் பத்துப் பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோவுக்கு வந்து கற்றுக்கொண்ட குழுவால் இது ஆகாது. மேடையில் ஏற்கனவே முடித்துவிட்ட வேலையை மைக் முன்னால் மறுபடி செய்தார்கள்.

இது ராக்குக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லமில் மிண்டன்ஸ் என்ற இடத்தில் தெலோனியஸ் மங்க்தான் நிரந்தரப் பியானோக் கலைஞர். மற்ற வேலைகளை முடித்துவிட்டு வந்த ஜாஸ் கலைஞர்கள் அங்கே இரவில் கூடி வாசித்து வாசித்துத்தான் பீபாப் என்ற புது ஜாஸ் வகை உருவானது. 1974 முதல் நியூயார்க்கில் சிபிஜிபி என்ற சின்ன கிளப்பில் ரமோன்ஸ் என்ற குழு திரும்பத் திரும்ப வாசித்தது. அந்த கிளப் சொந்தப் பாட்டு வாசிக்கிறவர்களுக்கு இடம் கொடுத்தது, பங்க் என்ற ராக் வகை வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். சிகாகோவில் ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977லிருந்து 1982 வரை வேர்ஹவுஸ் என்ற ஒரே கிளப்பில் டிஜேயாக இருந்தார், ஹவுஸ் என்ற நடன இசை அங்கிருந்துதான் கிளம்பியது. பியானோ, கிட்டார், ரெக்கார்ட் பிளேயர் என்று கருவி வேறு வேறு, இசை வேறு வேறு, ஆனால் நிலையான இடமும் திரும்பி வருகிற கூட்டமும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

எங்கள் அனுபவத்தில் இது எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். எங்களிடம் ஒரு மெதுவான பாட்டு இருந்தது, எங்களுக்கு ரொம்பப் பிடித்தது, ஆரம்பத்தில் கிட்டார் மட்டும் பதினாறு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) போகும். பயிற்சி அறையில் அது அருமையாக இருந்தது. மேடையில் அதை மூன்றாவதாக வைத்தோம். ஆறாவது பார் போகும்போதே முன் வரிசையில் இருந்தவர்கள் பக்கத்தில் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் எழுந்து போகவில்லை, பேச்சுச் சத்தம் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். அடுத்த வாரம் முன்னிசையை எட்டாக்கினோம், அதற்கடுத்த வாரம் நாலாக்கி, பாஸை இரண்டாவது பாரிலேயே உள்ளே கொண்டுவந்து, பாட்டை ஒரு வேகமான பாட்டுக்கு அடுத்ததாக நகர்த்தினோம். அப்புறம் அந்த இடத்தில் பேச்சு நின்றது. இதையே ரெக்கார்ட் பண்ணி ஏற்றியிருந்தால், எங்கே கேட்பதை நிறுத்தினார்கள் என்று ஒரு வரைபடம் கிடைத்திருக்கும், ஆனால் அதற்குள் அந்தப் பதினாறு பார் பதிவாகி, மிக்ஸிங் முடிந்து, வெளியே போயிருக்கும்.

இன்னொன்று, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இருக்கிற நேரம். ஒருவர் டியூனிங் சரிபார்ப்பார், ஒருவர் தண்ணீர் குடிப்பார், டிரம்மர் அடுத்து என்ன என்று கண்ணால் கேட்பார், பாடகர் என்ன பேசுவது என்று தெரியாமல் மைக்கைப் பார்ப்பார். அரை நிமிடம்தான், கூட்டம் கையை விட்டுப் போய்விடும். இதற்கு ஸ்டுடியோவில் பயிற்சியே கிடையாது, ஏனென்றால் அங்கே இந்த அரை நிமிடமே இல்லை. உற்சாகம் ஏறினால் எங்கள் டிரம்மரின் டெம்போவும் (வாசிக்கிற வேகமும்) ஏறும். நான் இப்போது கிக் டிரம்மை மிதிக்கிற அவருடைய காலைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன், அவர் ஓட ஆரம்பித்தால் நான் ஒரு நூல் பின்னால் உட்காருவேன், அவருக்கு அது உடனே புரிந்துவிடும். இது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இல்லை, வாசித்து வாசித்து வந்தது.

சரி, இணையத்தின் பக்கத்துக்கு வருவோம். அதன் பலம் உண்மையானது. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2015ல், 13 வயதில், அண்ணன் ஃபினியஸ் எழுதிய ஒரு பாட்டை வீட்டிலேயே பதிவு செய்து சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளத்தில் போட்டார். நடன ஆசிரியருக்காகச் செய்த பதிவு அது, அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. தனியாக, வீட்டில், கம்ப்யூட்டரில் இசை செய்கிறவருக்கு இதை விட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கதையிலும் முதல் முழு ஆல்பம் வந்தது 2019ல்தான். நடுவில் சின்ன அரங்குகளில் வாசித்த காலம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு விஷயத்திலும் இப்படித்தான். இணையத்தால் மேலே வந்த குழு என்று அவர்களுக்குப் பெயர். நடந்தது என்னவென்றால், ஷெஃபீல்டு பக்கம் சின்னச் சின்ன மேடைகளில் வாசிக்கும்போது டெமோ (மாதிரிப் பதிவு) சிடிக்களை இலவசமாகக் கொடுத்தார்கள், வாங்கிப் போனவர்கள் அதை நெட்டில் பரப்பினார்கள். 2005 அக்டோபரில் முதல் பெரிய சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) பிரிட்டன் பட்டியலில் முதலிடம் போனபோது, பாட்டை வரி வரியாகக் கூடவே பாடுகிற கூட்டம் ஏற்கனவே இருந்தது. அந்தக் கூட்டத்தின் விதை மேடையில்தான் விழுந்தது, இணையம் அதைப் பெரிதாக்கியது. என் வாதமே இந்த வரிசைதான்.

பணத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். பாட்டுக் கேட்கும் தளமான ஸ்பாட்டிஃபை 2024லிருந்து வைத்திருக்கும் விதிப்படி, ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் பதிவுக்கான ராயல்டி கிடைக்கும். புதுக் குழுவுக்கு அந்த ஆயிரமே எட்டாத தூரம். மேடையிலும் கொட்டாது, ஆனால் போக்குவரத்துக்காவது ஆகும். இரண்டும் பிழைப்புக்கு ஆகாது என்பதால் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

போட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. யூ2 என்ற ஐரிஷ் ராக் குழு 1978ல் அயர்லாந்தின் லிமரிக்கில் ஒரு போட்டியில் ஜெயித்து டெமோ பதிவு செய்யும் வாய்ப்பைப் பெற்றது. ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1934ல் நியூயார்க்கின் அப்போலோ அரங்கின் அமெச்சூர் இரவில் பாடி ஜெயித்தார். ஆனால் அவரை வளர்த்தது அந்த ஒரு இரவு இல்லை. மறு வருடம் சிக் வெப் என்ற டிரம்மரின் குழுவில் சேர்ந்து, சவாய் நடன அரங்கில் இரவுக்கு இரவு பாடியதுதான். போட்டி கதவைத் திறக்கும், உள்ளே போய் நிற்க வேறு ஏதாவது வேண்டும்.

மேடைக்கு உண்மையான போட்டி என்று நான் மதிப்பது பக்கவாத்திய வழியைத்தான். இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராக வாசித்தவர், பிறகு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர், 1976ல் முதல் படம் வரும்போது அவருக்குப் பின்னால் வருடக்கணக்கான வேலை இருந்தது. ஏ.ஆர். ரஹ்மான் சின்ன வயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போய், இளையராஜா குழுவிலும் வாசித்தவர். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஐஸ்லி பிரதர்ஸ் குழுவுக்கும் பாடகர் லிட்டில் ரிச்சர்டுக்கும் பின்னால் நின்று கிட்டார் வாசித்தவர். இதிலும் அடுத்த வாரம் உண்டு, சம்பளம் உண்டு, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஒரு பெரியவர் உண்டு. தனி ஆளாக இருந்தால் நான் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். ஆனால் ஒரு குழு மொத்தமாகப் போய் இன்னொருவரிடம் பக்கவாத்தியமாகச் சேர முடியாது. நாலு பேரும் நாலு இடத்துக்குப் போனால் குழு கலைந்துவிடும், சொந்தப் பாட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

எனக்குச் சரியாகத் தெரியாத இடங்கள் உண்டு. ராப் பக்கம் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் தன் தங்கை நடத்திய பார்ட்டியில் டிஜே கூல் ஹெர்க் இரண்டு டர்ன்டேபிளோடு (ரெக்கார்ட் பிளேயர்) ராப்பின் தாய் இசையான ஹிப்-ஹாப்பைத் தொடங்கியதும் கூட்டத்தின் முன்னால்தான் என்றாலும், இன்று ராப் பாடுகிறவர்களுக்கு நெட்தான் முதல் மேடையோ என்று தோன்றுகிறது. கொரியப் பாப் குழுக்களைப் போல நிறுவனமே ஆட்களைப் பொறுக்கி வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்து இறக்குகிற முறையைப் பற்றி நான் வெளியிலிருந்து படித்தது மட்டும்தான். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் பாதை குருவிடமிருந்து ஆரம்பிக்கிறது, அங்கே என் வாதம் எவ்வளவு செல்லும் என்று அதில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மேடையின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. இடம் கொடுக்கிறவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார், சொந்தப் பாட்டை நடுவில் நுழைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஒரு இடத்தில் எங்களுக்குச் சொல்லாமலே எங்கள் நாளை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள், கருவிகளோடு வாசலில் நின்ற பிறகுதான் தெரிந்தது. காதுக்கும் கேடு, இயர் பிளக் இல்லாமல் வாராவாரம் டிரம் பக்கத்தில் நிற்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையில் வாசித்தது அங்கேயே கரைந்துவிடும், இல்லாதவருக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

அந்தக் கடைசிக் குறைக்கு மட்டும் எங்களிடம் வழி இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் ஒரு போனை அறையின் பின் சுவர்ப் பக்கம் வைத்து அன்று வாசித்த எல்லாப் பாட்டையும் பதிவு செய்கிறோம், மேடைக்குப் பக்கத்தில் இல்லை, கடைசியில் உட்காருகிறவருக்கு என்ன கேட்கிறதோ அது வேண்டும். மறுநாள் நாலு பேரும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, எது தொய்ந்தது என்று எழுதிக்கொண்டு பயிற்சிக்கு வருகிறோம். வாராவாரம் இடம் கிடைக்கவில்லை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மாதத்துக்கு ஒரு தடவை என்றாலும் பரவாயில்லை, நாள் மாறாமல் இருந்தால் போதும், வந்தவர்கள் திரும்பி வருவார்கள். நெட்டில் ஏற்ற வேண்டிய முதல் பாட்டை இப்போது அந்தப் பதிவுகளிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறோம். எங்களுக்குப் பிடித்ததை விட்டுவிட்டு, பேச்சுச் சத்தம் எந்தப் பாட்டில் அடங்குகிறதோ அதை முதலில் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகிறோம்.