ஆர்கேட் கண்ட்ரோல் பனலை ஸ்டிக்கர் கடையில் குடுக்க முன்னம் இதை வாசியுங்கோ

கொழும்பில் பழைய ஆர்கேட் மெஷின் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) வைத்திருக்கும் எல்லோருக்கும் இது. வெள்ளவத்தையில் உள்ள ஒருவரின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மெஷினின் கண்ட்ரோல் பனல் (பட்டனும் ஜொய்ஸ்டிக்கும் பூட்டிய இரும்புத் தகடு), அதன் மேல் ஒட்டியிருக்கும் படம் அச்சடித்த ஷீட்டான ஓவர்லேயை மாற்றுவதற்காக ஒரு ஸ்டிக்கர் கடைக்குப் போய் நாசமாகித் திரும்பியிருக்கிறது. 1991இல் வந்த மெஷினின் அசல் ஓவர்லேயைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். ஓரங்கள் தேய்ந்திருந்தாலும் படமும் நிறமும் நன்றாகவே இருந்த ஓவர்லே அது. அதற்குப் பதிலாக ஒட்டித் தந்தது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. திருத்துவதற்கு எங்களிடம் வந்த பிறகு, ஒவ்வொரு அடுக்காக உரித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

பின்பக்கம் அச்சடித்த பொலிகாபனேட் ஷீட் வேண்டும் என்றுதான் உரிமையாளர் கேட்டிருக்கிறார். "ஓம் அண்ணே, அதுதான் போடுவம்" என்று சொல்லி முழுக் காசையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். ஒட்டியது ஆட்டோவுக்கும் வேனுக்கும் ஒட்டுகிற சாதாரண வினைல். மேலே மினுங்குகிற லமினேஷன் வேறு. கேட்டபோது "ரெண்டும் ஒண்டுதான்" என்று பதில்.

இரண்டும் ஒன்றல்ல. நல்ல ஓவர்லே ஏறத்தாழ 0.25 மி.மீ. தடிப்புள்ள பொலிகாபனேட். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாற்றிப் பின்பக்கம் அச்சடித்து, அதன்மேல் வெள்ளை ஒரு படை அடித்து, அதற்கும் பின்னால்தான் பசை வரும். ஆடுகிறவரின் கை பிளாஸ்டிக்கில் மட்டுமே படும், மையில் படாது. மேற்பரப்பு பொடி மணல்போல் சொரசொரப்பாக இருப்பதால் வியர்வைக் கை வழுக்காது. வினைல் 0.1 மி.மீ. அளவுதான். மை மேலே இருக்கும், அதைக் காப்பது லமினேஷன் மட்டுமே. உள்ளங்கை உரசும் முன் விளிம்பில் முதலில் அது போகும், பிறகு படம் போகும். மலிவான வினைல் நாள்போக்கில் சுருங்கவும் செய்யும். வந்த பனலில் பட்டன் ஓட்டைகளைச் சுற்றி வினைல் பின்வாங்கி, தகடு வளையமாகத் தெரிந்தது. வெளியே வந்த பசையில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது.

கடையில் சாம்பிளைக் கையில் வாங்கிப் பாருங்கோ. மூலையை மெல்ல வளைத்து விட்டால் பொலிகாபனேட் உடனே நிமிரும், உதறினால் சடசடக்கும். வினைல் தொய்ந்து கிடக்கும். வெட்டிய ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் படம் பிளாஸ்டிக்குக்குக் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று தெரியும்.

அடுத்தது அளவு. அச்சடிக்கும் சொஃப்ட்வெயாரில் 'தாளுக்குப் பொருத்து' என்று விட்டால் படம் சத்தமில்லாமல் சுருங்கும். 1% சுருங்கினால் 600 மி.மீ. பனலில் 6 மி.மீ. பிழை. நடுவைச் சரியாக வைத்து ஒட்டினாலும் இரண்டு ஓரத்திலும் 3 மி.மீ. தள்ளிப்போகும். இந்தப் பனலில் ஆளுக்கு 6 பட்டன், 2 ஸ்டார்ட் பட்டன், 2 ஜொய்ஸ்டிக் என 16 ஓட்டைகள். நடுவில் உள்ளவை பொருந்தின, ஓரத்து வளையங்கள் எல்லாம் பிறைபோல் எட்டிப் பார்த்தன. படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டுக் குடுங்கோ. முதலில் சாதாரணக் கடதாசியில் அடிக்கச் சொல்லி, இரும்பு ரூலரால் அந்தக் கோட்டை அளந்து, கடதாசியைப் பனலின் மேல் விரித்து ஓட்டை ஓட்டையாகப் பார்த்த பிறகே ஷீட்டில் அடிக்க விடுங்கோ. இதற்கு மறுக்கும் கடையில் வேலை குடுக்க வேண்டாம்.

உரித்தபோது எங்களுக்கு ஆத்திரம் வந்த இடம் கீழே இருந்தது. பழைய பசை திட்டுத் திட்டாக அப்படியே கிடந்தது. துருவின் மேலேயே ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, அது காய முதலே ஒட்டியிருக்கிறார்கள். உரிக்கும்போதே தின்னர் மணம் வந்தது. காயாத பெயின்டிலிருந்து வெளியேறும் ஆவிக்குப் போக வழியில்லாமல்தான் குமிழ் குமிழாக எழும்புகிறது. ஊசியால் குத்தி அமர்த்தினாலும் திரும்ப வரும்.

செய்ய வேண்டிய முறை இது. பழைய ஓவர்லேயைத் தொட முன், பக்கத்தில் ரூலர் வைத்து, துண்டு துண்டாக 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணுங்கோ. துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். பிறகு ஹெயார் டிரையரால் சூடாக்கி, தகட்டோடு ஒட்டினாற்போல் படுக்கையாக இழுத்து, மெதுவாக உரிக்க வேண்டும். மிஞ்சும் பசைக்கு டர்பென்டைன் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்து, பிளாஸ்டிக் துண்டால் வழித்தால் போதும். துருவை 120 சாண்ட் பேப்பரால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, குழிகளுக்குக் கார் ஃபில்லர் போட்டு, 240, பிறகு 400 பேப்பர். அதன் மேல் பிரைமர், பெயின்ட். கொழும்பு ஈரப்பதத்தில் ஸ்ப்ரே எனாமலுக்கு ஒரு கிழமையாவது விடுங்கோ. மறைவான மூலையில் நகத்தை அழுத்தினால் தடம் விழக்கூடாது.

ஸ்டிக்கர் கடைகளில் எதையும் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஒட்டுவதுதான் பழக்கம். பொலிகாபனேட்டை இரும்புத் தகட்டில் அப்படி ஒட்டினால் தண்ணீர் நடுவில் சிறைப்படும், துருவும் திரும்பத் தொடங்கும். காய்ந்தபடியே ஒட்ட வேண்டும். ஐசோபுரோபைல் அல்ககோலையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து தகட்டைத் துடைத்துக் காயவிட்டு, 5 செ.மீ. அளவுக்கு மட்டும் பின்தாளை உரித்து, அந்த ஓரத்தை நேராக அமர்த்திவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தபடி ஃபெல்ட் துணி சுற்றிய ஸ்குவீஜியால் (காற்றை வெளியே தள்ளி அமர்த்தும் தட்டையான துண்டு) தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஏசி அறையில் குளிர்ந்த தகட்டை வெளியே கொண்டுவந்த உடனே ஒட்ட வேண்டாம், அதில் ஈரம் படியும். 3எம் 468எம்பி போன்ற பசைக்கு 21 முதல் 38 பாகை செல்சியஸ் வரை நல்லது, எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை. முழுப் பிடிப்பு வர 72 மணித்தியாலம் எடுக்கும். அந்தக் கடையோ ஒட்டிய அன்றே பட்டன்களைப் பூட்டி நட்டை இறுக்கிவிட்டது. பட்டனின் விளிம்பு திரும்பும்போது வினைலையும் சேர்த்து முறுக்கியிருக்கிறது.

ஓட்டைகளைச் சிலுவையாகக் கீறி உள்ளே மடித்திருந்தார்கள், அதனால் பட்டன் ஒன்றும் சமமாக உட்காரவில்லை. புதுக் கட்டர் பிளேடைத் தகட்டின் விளிம்போடு நிமிர்த்திப் பிடித்து, சிறு சிறு வெட்டாகச் சுற்றி வந்தால் ஓட்டை சுத்தமாக வரும். தின்னர், அசிட்டோன் பொலிகாபனேட்டில் படக்கூடாது, நுண்வெடிப்பு விழும். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் வேண்டாம்.

பொலிகாபனேட்டில் பின்பக்கம் அச்சடிக்க, மெஷின்களுக்கு நேம் பிளேட், மெம்பிரேன் கீபேட் செய்கிற இடங்களில் விசாரியுங்கோ. வாகன ஸ்டிக்கர் அடிக்கும் இடங்கள் இதற்குச் சரிவராது. பனலைக் குடுக்காமல் படத்தை மட்டும் குடுத்து, ஒட்டும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்வதே எங்கள் கருத்து.

பற்றுச்சீட்டில் பொருளின் பெயர், தடிப்பு, பின்பக்க அச்சு, பசையின் இலக்கம், பழைய ஓவர்லே திருப்பித் தரப்படும் என்பது, எல்லாம் எழுதி வாங்குங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் இந்த உரிமையாளரிடம் இருக்கும் பற்றுச்சீட்டில் "ஸ்டிக்கர் வேலை" என்ற இரண்டு சொல்லும் தொகையும்தான் இருக்கிறது. பேசியது பொலிகாபனேட் என்று காட்ட அவரிடம் வேறொன்றும் இல்லை, கடையும் காசைத் திருப்பித் தர மறுத்துவிட்டது.