கன்னியாகுமரியில் ‘மூன்று அருங்காட்சியகம், ஒரே கட்டணம்’ என்று யாராவது அட்டை நீட்டினால்

கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், முக்கியமாக வயதானவர்களை அழைத்துச் செல்கிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். விடுதிகள் இருக்கும் தெருக்களில் மாலை வேளையில் சிலர் சுற்றி வருகிறார்கள். கையில் வழவழப்பான ஓர் அட்டை. பத்மநாபபுரம் அரண்மனை, அரசு அருங்காட்சியகம், ‘சங்கு அருங்காட்சியகம்’ என்று மூன்று படங்கள். வண்டி வாடகையும் நுழைவுச் சீட்டும் சேர்த்து ஒரே தொகை என்பார்கள். அந்த மூன்றாவது படத்துக்காகத்தான் முதல் இரண்டையும் அச்சடித்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பணம் போன பிறகே புரிந்தது.

நாங்கள் பணம் கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. “நாளைக் காலை எட்டு மணிக்கு வண்டி வாசலில் நிற்கும் அண்ணே, அம்மா நடக்கவே வேண்டாம்” என்றார் அந்த ஆள். என் அம்மாவுக்குப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் அதற்காகவே வந்திருந்தார்.

இந்த அரண்மனையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும், திருவிதாங்கூர் மன்னர்களின் இந்த அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அங்கே வார விடுமுறை திங்கட்கிழமை. தமிழக அரசின் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இரண்டாம் சனிக்கிழமையும் திறக்க மாட்டார்கள். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு அரசுகளின் இரண்டு விடுமுறைகள். வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. அட்டை நீட்டுகிறவருக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை காலை தக்கலையைத் தாண்டி அரண்மனை வாசலில் இறங்கினால் கதவு பூட்டிக் கிடக்கிறது. ஓட்டுநர் தலையில் கைவைத்து, “அடடா, இன்றைக்கு லீவா?” என்று திகைத்து நின்றார். அவ்வளவு தத்ரூபமான திகைப்பு! பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் விற்றுக்கொண்டிருந்த அம்மாள், அவர் தள்ளிப்போன பிறகு மெதுவாகச் சொன்னார்: “இந்த வண்டி திங்கட்கிழமைதோறும் வருகிறது மக்களே. யாராவது ஒரு குடும்பம் இப்படி வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகும்.”

அம்மா பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல் செதுக்கிய தொண்ணூறு பூக்கள், மூலிகை மரங்களால் செய்த கட்டில், முட்டை வெள்ளைக்கருவும் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் கலந்து இழைத்த, கண்ணாடி போல் மின்னும் தரை என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர் அவர்தான். பணம் போனதைவிட எனக்கு ஆறாமல் இருப்பது அந்த நிமிடம்.

“பரவாயில்லை அம்மா, சங்கு அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம்” என்று ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார். முன்னறையில் நான்கு கண்ணாடிப் பெட்டிகள். நிறம் போன நட்சத்திர மீன்கள், பெயர்ச்சீட்டு இல்லாத சிப்பிகள். பார்த்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அடுத்த அறை முழுக்க விற்பனைதான். அங்கே ஒருவர் சங்கை எடுத்து அம்மாவின் காதில் வைத்து, “ஓம் கேட்கிறதா? அசல் வலம்புரி. வீட்டில் வைத்தால் கஷ்டம் தீரும்” என்று ஆரம்பித்தார். வெற்றுக் குடுவையைக் காதில் வைத்தாலும் அந்த இரைச்சல் கேட்கும். பதினெட்டாயிரத்தில் தொடங்கிய விலை ஆறாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கியது. நான் தடுத்தும், அரண்மனையைப் பார்க்க முடியாத ஏக்கத்தில் அம்மா தன் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் விலங்கியல் ஆசிரியரான என் சித்தப்பாவிடம் சங்கைக் காட்டினேன். வாய்ப்பகுதிக்குள் விரலை விடச் சொன்னார். நம் கடலில் கிடைக்கும் பூசைச் சங்கில், உள்ளே இருக்கும் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாக விரலில் தட்டுப்படும். எங்கள் சங்கில் அப்படி எதுவும் இல்லை, வழுவழுவென்று இருந்தது. அது அமெரிக்கக் கடற்கரைகளில் கிடைக்கும் வேறோர் இனத்தின் ஓடு. நம் சங்கில் வலம்புரி என்பது மிக அபூர்வமான பிறழ்வு. அந்த இனத்திலோ கிட்டத்தட்ட எல்லாமே வலம்புரியாகத்தான் வளரும். அதனால்தான் அதை இறக்குமதி செய்து இங்கே ‘அபூர்வம்’ என்று விற்கிறார்கள். அதே கடையில் பவளப் பாறைத் துண்டுகளும் விற்பனைக்கு இருந்தன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பவளத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். யாராவது நீட்டினால் கையாலும் தொடாதீர்கள்.

காந்தி மண்டபச் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியக வாசலில் எங்களை இறக்கிவிட்டபோது மணி ஐந்தரை. அதுவும் மூடியாகிவிட்டது. விடுதியிலிருந்து நடந்தே போயிருக்கலாம்!

அரண்மனைக்குப் போக யாருடைய அட்டையும் தேவையில்லை. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவிலுக்கு அடிக்கடி பஸ் உண்டு. நாகர்கோவில் வடசேரியில் மாறினால் தக்கலை. அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம்தான். நுழைவுச் சீட்டை வாசலிலேயே கொடுக்கிறார்கள். மதியம் சிறிது நேரம் அடைத்துவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். படிகள் செங்குத்தானவை, பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடையில் கொடுத்த ரசீதில் ‘வலம்புரி’ என்ற சொல்லே இல்லை. ‘அலங்காரப் பொருள் – 1’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். சங்கோ சிப்பியோ வாங்குவதாக இருந்தால், சொல்லி விற்ற பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அட்டையின் படம், பணம் அனுப்பிய விவரம், சங்கின் வாய்ப்பகுதியை எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே அட்டையை நம்பிப் போனவர்கள் உங்களிடம் இருக்கும் ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். நீங்களும் மனு கொடுங்கள்.