எம்.பிளான்: சென்னையா, அகமதாபாத்தா, டெல்லியா?

எம்.பிளான், அதாவது நகர் ஊரமைப்பு முதுகலை, சேர நினைக்கிறேன், எங்கே சேரலாம் என்று யாராவது கேட்டால் நான் ரேங்க் பட்டியலை எடுப்பதில்லை. எந்த ஊரில் இரண்டு வருஷம் சுற்றப்போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். நகர் ஊரமைப்புப் படிப்பில் கனமான பகுதி ஸ்டுடியோ. ஒரு பகுதியைக் கையில் கொடுத்து, அங்கே போய் அளந்து, மக்களிடம் பேசி, நிலப் பயன்பாட்டு வரைபடம் போட்டு, அடுத்த 20 வருஷத்துக்குத் திட்டம் எழுதச் சொல்வார்கள். அந்தப் பகுதி எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊர்தான் பாதி வாத்தியார்.

கட்டடக்கலை, சிவில், பி.பிளான் (திட்டமிடல் இளங்கலை) முடித்தவர்கள் சேரலாம். புவியியல், பொருளாதாரம், சமூகவியலில் முதுகலை முடித்தவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் பேச்சில் அதிகம் அடிபடும் மூன்று இடங்களை மட்டும் பார்க்கிறேன்: அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம், டெல்லியின் எஸ்.பி.ஏ. (திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி). மூன்றும் பழைய இடங்கள். டெல்லிப் பள்ளி 1959-இல் இன்றைய பெயரைப் பெற்றது. சென்னையில் கட்டடக்கலைத் துறை 1957-இல் வந்தது. செப்டில் திட்டமிடல் பள்ளி 1972-இல் தொடங்கியது. பாடத்திட்டத் தாளை வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஊர் வளரும்போது நிலத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

அகமதாபாத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஊர் விரியும்போது பெரும்பாலும் நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. டவுன் பிளானிங் ஸ்கீம் என்று ஒரு முறை. 1915-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தில் பிறந்து, 1976-இல் குஜராத்தின் தனிச் சட்டத்துக்குள் வந்தது. ஒரு வட்டாரத்து வயல்களையெல்லாம் ஒரே துண்டாகப் பாவித்து, சாலை, பூங்கா, பள்ளி, ஏழைகளுக்கான வீட்டுமனை எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை உரிமையாளர்களுக்கே ஒழுங்கான மனையாகத் திருப்பித் தருவார்கள். பரப்பில் 50% வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நிலத்தில் ஒரு பங்கு போனாலும், மீதிக்கு நல்ல சாலை வருவதால் மதிப்பு ஏறும் என்பதுதான் கணக்கு. ஊரைச் சுற்றிப் போகும் 76 கிலோமீட்டர் சர்தார் படேல் ரிங் ரோட்டுக்கு நிலம் கிடைத்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் படித்தது சென்னையில். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அப்படி ஒரு ஸ்கீம் வரைபடத்தை விரித்து வைத்து முழுசாகப் பார்த்தேன். கோணல்மாணலான பழைய வயல் வரப்புகள் ஒரு நிறத்தில், அவற்றின் மேலேயே நேரான புது மனைகள் இன்னொரு நிறத்தில். ஒவ்வொரு மூல மனைக்கும் எந்த இறுதி மனை என்று பக்கத்தில் அட்டவணை. ஒரு சின்ன முக்கோண நிலத்துக்காரருக்குக்கூட சாலையை ஒட்டி ஒரு செவ்வகம் கிடைத்திருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவப் பருவத்திலேயே இதை உருட்டிப் பழகுபவர்களுக்கு ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது, என்னோடு வேலை செய்பவர்களிடம் அதைப் பார்க்கிறேன். தமிழ்நாட்டிலும் இதேபோன்ற நிலத் தொகுப்புக்கு (லேண்ட் பூலிங்) விதிகள் வந்துவிட்டன. அதைச் செய்து பார்த்த கைகள்தான் இங்கே குறைவு. செப்டின் கட்டணம் லட்சங்களில் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டெல்லி இதற்கு நேரெதிர். 1957-இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் வந்தது, 1962-இல் ஊர் முழுமைக்குமான முதல் நிலப் பயன்பாட்டுத் திட்டமான மாஸ்டர் பிளான் வந்தது. அரசே பெரும் பரப்பில் நிலத்தை எடுத்து, தானே வளர்த்து, தானே விற்றது. அதில் இடம் கிடைக்காதவர்கள் அங்கீகாரமில்லாத காலனிகளில் குடியேறினார்கள். 2019-இல் அப்படிப்பட்ட 1,731 காலனிகளில் வசிப்பவர்களுக்குச் சொத்துரிமை தர மத்திய அரசே ஒரு திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு மாஸ்டர் பிளான் எங்கே பலிக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று ஒரே ஊரில் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பல ஊர்களைச் சேர்த்துத் திட்டமிடும் வட்டாரத் திட்டமிடல்தான் உங்கள் நோக்கம் என்றால் டெல்லிக்கே என் ஓட்டு. எஸ்.பி.ஏ.வில் அதற்கென்று தனி எம்.பிளான் இருக்கிறது. அப்புறம், கண்ணெதிரே தேசியத் தலைநகர் வட்டாரம். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த வாரியம் டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் நான்குக்கும் சேர்த்துத் திட்டம் போடுகிறது. டெல்லியிலிருந்து மீரட் வரை 82 கிலோமீட்டர் விரைவு ரயில், அதன் முதல் பகுதி 2023-இல் ஓடத் தொடங்கியது, அந்த மாதிரிச் சிந்தனையின் விளைவுதான். ஓசூரை நினைத்துப் பாருங்கள். வேலையும் சந்தையும் பெங்களூரோடு பின்னிக் கிடக்கின்றன, மாஸ்டர் பிளானோ மாநில எல்லைக் கோட்டோடு நின்றுவிடுகிறது. எல்லை தாண்டித் திட்டமிடத் தெரிந்தவர்கள் நமக்கு அவசரமாகத் தேவை.

சரி, சென்னைக்கு வருவோம். இங்கே ஊர் விரிந்தது மனைப்பிரிவு மனைப்பிரிவாக. ஒருவர் ஐந்து ஏக்கரை வாங்கி, பிளாட் போட்டு விற்பார். பக்கத்து வயல்காரர் தனியாக இன்னொன்று போடுவார். இரண்டின் சாலைகளும் ஒன்றோடொன்று சேராது. அங்கீகாரம் வாங்கிய பெரிய மனைப்பிரிவில் 10% திறந்தவெளி கிடைக்கும், வாங்காததில் அதுவும் இல்லை. 2017-இல் அங்கீகாரமில்லாத மனைகளுக்கான வரன்முறை விதிகள் வந்தபோது, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் என்ற வார்த்தையைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இல்லை.

முதல் வருஷ ஸ்டுடியோவில் எங்கள் குழுவுக்குத் தென்சென்னைப் புறநகரில் ஓர் ஏரிக்கரைக் கிராமம் வந்தது. புல வரைபடத்தில் கலங்கலிலிருந்து (ஏரியின் உபரிநீர் வழியும் இடம்) கிளம்பும் வாய்க்கால் தெளிவாக இருந்தது. தரையில் தேடினால் காணோம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் கூட்டிப் போய்க் காட்டினார். இரண்டு காம்பவுண்டு சுவர்களுக்கு நடுவே முழ அகலத்துக்கு ஒரு சாக்கடை. "இதுதாம்பா அது" என்றார். மதகுக் கல் ஒரு வீட்டுக்கு வாசற்படியாகக் கிடந்தது. 2015 வெள்ளத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன், அந்தக் கல்லைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது தமிழ். அடங்கல், நத்தம், மேய்க்கால் புறம்போக்கு, நீர்பிடிப்பு என்று நில ஆவணங்களில் வருவதெல்லாம் தெரிந்த வார்த்தைகள். அகமதாபாத் போனால் நில ஆவணங்கள் குஜராத்தியில் இருக்கும், பெரியவர் பேசுவதும் குஜராத்தியில்தான். குழுவில் யாராவது மொழிபெயர்ப்பார்கள். ஆனால் மொழிபெயர்த்துக் கேட்கும்போது வாசற்படிக் கல் மாதிரி விஷயங்கள் கைநழுவிப் போகும். கட்டணமும் மூன்றில் சென்னையில்தான் குறைவு. தேசிய அளவிலான கேட் தேர்வு மதிப்பெண்ணிலோ, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்விலோ சேரலாம்.

கரக்பூர் ஐ.ஐ.டி.யின் நகரத் திட்டமிடல் முதுகலையும் நல்ல படிப்பு. கேட் எழுதிச் சேருபவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, குடும்பத்துக்குப் பாரமில்லை. வெளிநாடு என்றால், பிரிட்டனில் ஒரு வருஷம், அமெரிக்காவில் இரண்டு வருஷம். அங்கேயே வேலை செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும் போங்கள். திட்டமிடல் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டன் அனுமதி முறையைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தாலும், செங்கல்பட்டில் ஒரு மனைப்பிரிவு விண்ணப்பத்தை முதலிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65%-க்கு மாஸ்டர் பிளானே இல்லை என்று நிதி ஆயோக் 2021-இல் சொன்னது. சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு விரிக்க 2022-இல் அரசாணை வந்தது. கோவை, மதுரை, திருப்பூர், ஓசூருக்கும் தனி வளர்ச்சிக் குழுமங்கள் வந்திருக்கின்றன. இந்த ஊர்களில் உட்கார்ந்து வேலை பார்க்கத்தான் ஆசை என்றால் சென்னையிலேயே படியுங்கள். ஒரு கோடை விடுமுறைப் பயிற்சியை மட்டும் அகமதாபாத்தில் வாங்கிக்கொண்டு, ஒரு டவுன் பிளானிங் ஸ்கீமை மூல மனையிலிருந்து இறுதி மனை வரை கூடவே இருந்து பாருங்கள்.